இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் ஏன் பிடிப்பதில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். அமெரிக்காவில் பழைய டீசல் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கிற வீட்டு வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். 2003 மாடல், பின்பக்க என்ஜின், கம்மின்ஸ் ஐஎஸ்பி 5.9 லிட்டர், 300 குதிரைத்திறன், அலிசன் 3000 ஆறு கியர் ஆட்டோமேட்டிக், எடை ஏறக்குறைய 12 டன். டென்வரிலிருந்து மேற்கே போகும்போது ஐசன்ஹோவர் சுரங்கத்தைத் தாண்டியதும் வருகிற சில்வர்தார்ன் இறக்கத்தில், புகைக்குழாயை அடைத்து என்ஜினையே பிரேக்காக்குகிற எக்ஸாஸ்ட் பிரேக்கின் சுவிட்சைப் போட்டும் வண்டி 65 மைல் வேகத்துக்கு ஓடியிருக்கிறது. கீழே வந்து சேரும்வரை பிரேக்கை மிதித்தபடியே வந்திருக்கிறீர்கள், நிறுத்தியதும் பிரேக் லைனிங் கருகிய வாடை. "இந்த என்ஜினில் இவ்வளவுதான், வேறு பிரேக் வையுங்கள்" என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். ஜேக் பிரேக் (இன்னொரு வகை என்ஜின் பிரேக்) வைக்கலாமா, பெரிய எக்ஸாஸ்ட் பிரேக் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: "டேக்கோமீட்டர் 1,500-ஐ ஒட்டியே இருந்தது." உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி அந்த வரியிலேயே இருக்கிறது. எக்ஸாஸ்ட் பிரேக் ஆர்பிஎம்மில், அதாவது டேக்கோமீட்டர் காட்டுகிற நிமிடத்துக்கான என்ஜின் சுற்றில், உயிர் வாழ்கிற சாதனம். 1,500-ல் அது பாதித் தூக்கத்தில் இருக்கும்.

டீசல் என்ஜின் தானாக ஏன் வண்டியைப் பிடிப்பதில்லை என்பதிலிருந்து வருகிறேன். பெட்ரோல் காரில் ஆக்ஸிலேட்டரை விட்டால் காற்று வரும் வழி அடைபடும். பிஸ்டன்கள் அந்த அடைப்பை எதிர்த்து உறிஞ்ச வேண்டியிருப்பதால் வண்டி இழுபடும். உங்கள் டீசல் என்ஜினில் அப்படி ஒரு அடைப்பு இல்லை. காற்று தாராளமாக உள்ளே போகிறது, டீசல் மட்டும்தான் நிற்கிறது. உள்ளே போன காற்றை அழுத்த சக்தி செலவாகிறதே என்றால், அந்தச் சக்தி அடுத்த நொடியே திரும்பி வந்துவிடும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள், பிடியை விட்டால் அது தானாக மேலே எழும். அதே கதைதான். ஆக, உராய்வு நீங்கலாக டீசல் என்ஜின் இறக்கத்தில் பெரிதாக உதவாது.

எக்ஸாஸ்ட் பிரேக் செய்வது என்ன? டர்போவுக்குப் பின்னால், புகை வெளியேறும் குழாயில் ஒரு பட்டர்ஃபிளை வால்வு. சுவிட்ச் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் ஒவ்வொரு முறையும் வெளியே தள்ளுகிற காற்று போக வழியில்லாமல் அங்கேயே திணிந்து நிற்கும். அந்தத் திணிவை எதிர்த்துத் தள்ளுவதுதான் உங்களுக்குக் கிடைக்கிற பிரேக். நிமிடத்துக்கு எத்தனை முறை தள்ளுகிறது என்பதை ஆர்பிஎம்தான் தீர்மானிக்கிறது. சுற்று குறைந்தால் தள்ளுவதும் குறைகிறது, வால்வின் ஓரத்தில் கசிகிற காற்றுக்கு ஈடுகொடுக்க முடியாமல் குழாயின் அழுத்தமும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து விழுவதால் 2,400-ல் கிடைக்கிற பிடிப்பில் பாதிகூட 1,500-ல் கிடைக்காது.

ஜேக் பிரேக் வேறு வகை. பிஸ்டன் காற்றை முழுதாக அழுத்தி முடிக்கும் இடத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து அந்த அழுத்தத்தை வெளியே விட்டுவிடும், பம்பின் பிடி திரும்ப எழாது. அதன் பின்னணியைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கம்மின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931-ல் ஒரு டீசல் லாரியை நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஓட்டிப் போனார். கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனது. கீழே ரயில் பாதை, அதில் ஒரு சரக்கு ரயில் கடந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டி தாண்டியதும் லாரி பாதையைக் கடந்ததால் பிழைத்தார்கள். இறக்கத்தில் டீசல் என்ஜினையே பிரேக்காக வேலை வாங்க வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவேயில்லை. அவர் வடிவமைத்ததை, டிரில் சக் (துளையிடும் கருவியில் அலகைப் பிடிக்கிற பாகம்) செய்துகொண்டிருந்த ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. லாரிக்காரர்கள் வாயில் அது ஜேக் ஆனது. மோட்டார்ஹோம்களில் ஐஎஸ்எல், ஐஎஸ்எம் போன்ற பெரிய கம்மின்ஸ் என்ஜின்களோடு அது வருகிறது. உங்கள் 5.9-க்கு நடைமுறையில் எக்ஸாஸ்ட் பிரேக்தான் வழி. அதை முழுதாக வேலை வாங்கினாலே போதும்.

இனி கணக்கு. சுரங்கம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சில்வர்தார்னுக்கு இறங்கும்போது 600 மீட்டருக்கு மேல் கீழே வருகிறீர்கள். 12 டன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவருகிற சக்தி சுமார் 240 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அது எங்காவது போயே ஆக வேண்டும். கொஞ்சம் காற்று எடுத்துக்கொள்ளும், கொஞ்சம் டயர். மீதி எக்ஸாஸ்ட் வழியாகப் போகவில்லை என்றால் பிரேக் டிரம்முக்குத்தான் போகும். உங்களுக்கு வந்த வாடை அதுதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 6 சதவீதச் சரிவில் 12 டன் வண்டி 55 மைல் வேகத்தில் இறங்கினால் ஏறக்குறைய 230 குதிரைத்திறன் வண்டியை முன்னால் தள்ளுகிறது. அதே சரிவில் 35 மைல் என்றால் 150-க்குள். வேகம் குறைந்தால் சமாளிக்க வேண்டிய சக்தி அதே விகிதத்தில் குறைகிறது. ஆனால் கியரையும் கீழே இறக்கினால் என்ஜின் ஆர்பிஎம் குறைவதில்லை, எக்ஸாஸ்ட் பிரேக்கின் பலமும் குறைவதில்லை. பாரம் இறங்குகிறது, தாங்குகிற கை அப்படியே இருக்கிறது. இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கை மேம்படுத்த இதைவிடப் பெரிய உபாயத்தை நான் இதுவரை பார்க்கவில்லை, இதற்குச் செலவும் கிடையாது.

என் வண்டியும் உங்களுடையதைப் போன்றதுதான். பின் அச்சு விகிதம் 4.63. ஆறாவது கியரில் 55 மைலில் டேக்கோமீட்டர் 1,430-ஐக் காட்டும். நான்காவதில் அதே வேகத்துக்கு 2,200. மூன்றாவதில் 40 மைலுக்கு 2,260. உங்கள் அச்சும் டயரும் வேறாக இருக்கலாம். அடுத்த முறை சமதளத்தில் போகும்போது ஒவ்வொரு கியரிலும் எந்த வேகத்துக்கு எத்தனை ஆர்பிஎம் என்று பக்கத்தில் இருப்பவரைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் துண்டுச் சீட்டை டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள். என் வண்டியில் ஒட்டியது வெயிலில் மஞ்சளாகிவிட்டது, இன்னும் எடுக்கவில்லை.

அலிசனின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 60 மைலில் போகும்போது கீழ் அம்புக்குறியைத் தட்டி மூன்றாவது கேட்டால் அது கொடுக்காது. கொடுத்தால் என்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றிவிடும் என்று அதற்குத் தெரியும். வேகம் போதுமான அளவுக்கு இறங்கும்வரை காத்திருக்கும். சரிவில் வேகம் இறங்காது, ஏறும். நீங்கள் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்றும் உண்டு: கீழ் கியரில் இருக்கும்போதே வேகம் மீறினால் என்ஜினைக் காப்பாற்ற அதுவே மேல் கியருக்குப் போய்விடும். இறக்கத்தின் நடுவில் அது நடந்தால் பிடிப்பு திடீரென்று விட்டுப்போன மாதிரி இருக்கும். அதனால் கியரையும் வேகத்தையும் உச்சியிலேயே முடிவு செய்துவிட வேண்டும். சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போதே 40-க்குக் கீழே இருங்கள், மூன்றாவது கியர் விழுந்துவிட்டதா என்று கியர் பொத்தான்களும் எண்ணும் இருக்கிற பேடில் பாருங்கள், சுவிட்சைப் போடுங்கள். அப்புறம்தான் இறங்கத் தொடங்க வேண்டும்.

சேலத்துக்காரனான எனக்கு ஏற்காடு பஸ் நினைவுக்கு வருகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு, முதல் வளைவுக்கு முன்பே டிரைவர் கியரைக் குறைத்துவிடுவார். "ஏறின கியரிலேயே இறங்கு" என்பது அவர்களுடைய பாடம். அந்தக் காலத்து பஸ்ஸுக்கும் லாரிக்கும் அது சரி, அவை மலையேற முக்கித் திணறி இரண்டாவதுக்கு வந்துவிடும். 300 குதிரைத்திறன் டர்போ டீசல் அதே மலையை நான்காவதிலோ ஐந்தாவதிலோ ஏறிவிடுகிறது. அந்தக் கியரிலேயே இறங்கினால் பிடிக்காது. இன்றைய வண்டிகளுக்கு ஏறின கியருக்கு ஒன்று குறைத்து இறங்குவதுதான் பொருந்தும்.

அலிசன் பற்றி இன்னும் ஒன்று. எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யத் தொடங்கியதும் கியர்பாக்ஸ் தானாகவே ஒரு கீழ் கியரைக் குறிவைக்கும்படி அமைத்திருப்பார்கள், பெரும்பாலும் இரண்டாவது அல்லது நான்காவது. சுவிட்ச் போட்டு காலை எடுக்கும்போது பேடில் 6 என்ற எண் 4 அல்லது 2 ஆக மாறினால் அந்த அமைப்பு உயிரோடு இருக்கிறது. மாறாமல் 6-லேயே நின்றால், எக்ஸாஸ்ட் பிரேக் போட்ட சேதி கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேரவில்லை. ஒயர் அறுந்திருக்கலாம், ரிலே போயிருக்கலாம், கம்ப்யூட்டரில் அந்த வசதியைத் திறக்காமலே விட்டிருக்கலாம். 1,500-லேயே நின்றது என்று நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் எனக்கு இதன்மேல்தான் முதல் சந்தேகம். அலிசன் சர்வீஸ் கருவி வைத்திருக்கும் இடத்தில் இதைப் பார்ப்பதும், குறிவைக்கும் கியரை 4-லிருந்து 2-க்கு மாற்றுவதும் கொஞ்ச நேர வேலை. 2 என்று வைத்தால் ஒரேயடியாக இரண்டாவதுக்கு விழாது, வேகம் இறங்க இறங்க ஒவ்வொன்றாக இறங்கும். நெடுஞ்சாலையில் லேசான சரிவில்கூடச் சத்தம் போட்டு இழுக்கிறதே என்று சிலருக்குப் பிடிக்காது. மலை வழியில் அடிக்கடி போகிறவர் என்றால் 2 வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

டார்க் கன்வெர்ட்டர் என்பது என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்துகிற பகுதி; அதை நேரடியாகப் பூட்டுகிற லாக்-அப்பையும் கவனியுங்கள். லாக்-அப் பிடித்திருந்தால்தான் சக்கரமும் என்ஜினும் நேரடியாகக் கட்டுண்டிருக்கும். அது விட்டுவிட்டால் நடுவில் எண்ணெய் மட்டும்தான், பிடிப்பில் பெரும்பகுதி அந்த எண்ணெயைச் சூடாக்குவதில் போய்விடும். இறக்கத்தில் டேக்கோமீட்டர் முள் திடீரென்று சில நூறு சுற்று சரிந்து, வண்டி வழுக்குவது போலத் தோன்றினால் லாக்-அப் விட்டிருக்கிறது என்று அர்த்தம். வேகத்துக்கேற்ற கீழ் கியரில் ஆர்பிஎம்மை உயரத்தில் வைத்திருந்தால் பெரும்பாலும் விடாது.

சரி, கியரும் ஆர்பிஎம்மும் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பிரேக்கையே பார்க்க வேண்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு என் வண்டியில் பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், சுவிட்ச் போட்டால் கிளிக் சத்தம் வருகிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, படுக்கையைத் தூக்கி அடியில் இருக்கும் மூடியைத் திறந்தேன். டர்போவுக்குப் பின்னால் முழங்கை போல வளைகிற குழாயில்தான் வால்வு உட்கார்ந்திருக்கிறது. டார்ச்சை அதன்மேல் பிடித்துக்கொண்டு மனைவியை முன்னால் சுவிட்சைப் போடச் சொன்னேன். காற்று சிலிண்டரின் தண்டு அசைந்தது, கிளிக் சத்தமும் வந்தது. ஆனால் வால்வின் கைப்பிடி கால்வாசி தூரம் போய் நடுங்கி நின்றுவிட்டது. பட்டர்ஃபிளையின் தண்டு நுழைகிற இரண்டு ஓரங்களிலும் கரியும் துருவும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. ஊடுருவும் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு, ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் கையால் முன்னும் பின்னும் அசைத்து அசைத்து விடுவித்தேன். முழுதாக மூடும்போது உலோகம் உலோகத்தில் உட்காருகிற "டக்" என்ற சத்தம் கேட்டது. முன்பு கேட்டது சிலிண்டருக்குக் காற்றைத் திறந்துவிடுகிற மின்வால்வின் (சோலனாய்டு) சத்தம் மட்டும்.

இதை நீங்களும் செய்யலாம். சில வண்டிகளில் என்ஜின் ஓடினால்தான் சிக்னல் வரும். அப்போது கம்ப்ரஸர் காற்றை நேராக சிலிண்டருக்குக் கொடுத்துப் பார்க்கலாம். உயவுக்கு அதிக வெப்பம் தாங்குகிற எண்ணெயையே விடுங்கள். சாதாரண எண்ணெய் அந்தச் சூட்டில் கருகி முன்பைவிட மோசமாக இறுகிவிடும். மாதம் ஒரு முறை, வண்டி நின்றே கிடந்தாலும், சில முறை இயக்கிவிடுங்கள். மோட்டார்ஹோம்களில் இந்த வால்வு இறுகிப்போக முக்கியக் காரணம் மாதக்கணக்கில் நிற்பதுதான். ஒரு எச்சரிக்கை: அடியிலிருந்து பார்க்க வேண்டியிருந்தால், ஏர் சஸ்பென்ஷனில் காற்று இறங்கி வண்டி உட்கார்ந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். சேஸிஸுக்கு ஜாக் ஸ்டாண்ட் கொடுக்காமல் தலையை உள்ளே நுழைக்கவே கூடாது.

வால்வு நன்றாக மூடியும் பிடிக்கவில்லையா? அப்படியானால் அழுத்தம் எங்கோ கசிகிறது. மேனிஃபோல்டு கேஸ்கெட், டர்போ இணையும் இடம், டர்போவுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கிற கிளாம்ப், இவற்றைப் பாருங்கள். கசிகிற இடத்தில் கறுப்பாகக் கரி படிந்திருக்கும், விரலால் தொட்டால் ஒட்டும். நிச்சயமாகத் தெரிய ஒரு பிரஷர் கேஜ் வைத்து அளப்பதே வழி. வால்வுக்கு முன்னால் அதற்கென்று ஒரு சிறிய துளை பிளக் போட்டு இருக்கும். பின்பக்க என்ஜின் வண்டியில் டிரைவர் இருக்கைவரை குழாய் இழுக்காமல், ஒயரில் வேலை செய்கிற சென்சார் கேஜ் வைப்பது சுலபம். 2,400-ஐ ஒட்டிய ஆர்பிஎம்மில், காலை எடுத்து, பிரேக் போட்ட நிலையில் அளக்க வேண்டும். 5.9-க்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்சம் 60 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு). அதைத் தாண்டவும் விடக் கூடாது. அழுத்தம் மிஞ்சினால் எக்ஸாஸ்ட் வால்வுகள் மூடியிருக்க வேண்டிய நேரத்தில் ஸ்பிரிங்கை மீறித் திறந்துகொள்ளும். 1998-க்கு முந்தைய 12 வால்வு 5.9 வைத்திருப்பவர்கள் பலமான எக்ஸாஸ்ட் பிரேக் போடும்போது ஸ்பிரிங்கையும் மாற்றுவது அதனால்தான். உங்களுடையது 24 வால்வு.

இவ்வளவும் பார்த்து, இன்னும் வேண்டும் என்றால் வாங்குவதைப் பற்றிப் பேசலாம். பழைய எக்ஸாஸ்ட் பிரேக்குகளில் வால்வில் நிரந்தரமாக ஒரு சிறு துளை இருக்கும். உச்ச ஆர்பிஎம்மில் அழுத்தம் எல்லை மீறாமல் இருக்க அந்த அளவில் வைத்திருப்பார்கள், அதனாலேயே நடுத்தர ஆர்பிஎம்மில் தேவைக்கு அதிகமாகக் காற்று கசிந்துவிடும். பாக்பிரேக் நிறுவனத்தின் பிஆர்எக்ஸ்பி போன்ற பிந்தைய வகைகளில் அழுத்தத்தைப் பொறுத்துத் தானே திறந்து மூடுகிற அமைப்பு இருப்பதால் 1,800, 2,000-லும் பிடிப்பு நன்றாகக் கிடைக்கும். உங்களிடம் இருப்பது பழைய வகை என்றால் இந்த மாற்றம் காசுக்குத் தகும். டிரைவ்ஷாஃப்டில் வைக்கிற டெல்மா போன்ற மின்காந்த ரிடார்டர் (காந்தத்தால் வேகத்தைத் தடுக்கிற கருவி) அருமையாகப் பிடிக்கும், கியரைப் பற்றிக் கவலையில்லை, ஆனால் எடையும் விலையும் அதிகம், சேஸிஸில் இடமும் வேண்டும். 12 டன் வண்டிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

எல்லாம் சரியாக இருந்தாலும் 7 சதவீதச் சரிவில் அவ்வப்போது கால் பிரேக் தேவைப்படும். மிதித்தபடியே இருக்காதீர்கள். லேசாகத் தொடர்ந்து மிதித்தால் டிரம் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. ஏர் பிரேக் டிரம்மில் இன்னொரு ஆபத்தும் உண்டு: சூட்டில் டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும், அதைத் துரத்திப்போக பிரேக்கை இயக்குகிற தண்டு அதிக தூரம் தள்ள வேண்டும், ஒரு கட்டத்தில் தள்ள இடமிருக்காது. அமெரிக்க லாரி லைசன்ஸ் கையேட்டில் சொல்லித்தருகிற முறை நல்லது: உங்கள் வேகம் 40 என்று முடிவு செய்தால், 40-ஐத் தொட்டதும் நன்றாக அழுத்தி 35-க்குக் கொண்டுவந்து முழுதாக விட்டுவிடுங்கள். மறுபடி 40-க்கு ஏற நேரம் எடுக்கும், அதுவரை டிரம் ஆறட்டும். அடிக்கடி மிதிக்க வேண்டியிருந்தால் கியர் ஒன்று அதிகம் என்று பொருள். அப்போது கால் பிரேக்காலேயே வேகத்தைக் கீழ் கியருக்குத் தகுந்த அளவுக்கு இறக்கி, கியரைக் குறையுங்கள்.

மழையிலும் பனியிலும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும், வழுக்கும் சாலையில் வண்டியின் வால் திரும்பிவிடும். அப்போது வேகத்தை இன்னும் குறைத்து, சும்மா கியரில் மெதுவாக இறங்க வேண்டும். பின்னால் கார் இழுத்துப் போகிறீர்களா என்று எழுதவில்லை. இழுப்பதாக இருந்தால் அந்தக் காருக்குத் தனியாக பிரேக் கருவி கட்டாயம் வையுங்கள். ஒன்றரை டன் கூடினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும்.

என் வால்வைச் சரிசெய்த பிறகு அதே சில்வர்தார்ன் இறக்கத்தில் மூன்றாவது கியரில், 38 மைலில், 2,150 ஆர்பிஎம்மில் வந்தேன். கால் பிரேக் நான்கு முறைதான் தேவைப்பட்டது. கீழே நிறுத்தி அகச்சிவப்பு வெப்பமானியை ஒவ்வொரு சக்கரத்துக்கும் காட்டினேன், எல்லா டிரம்மும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தன, வீல் விளிம்பில் கை வைக்க முடிந்தது. நீங்களும் அப்படி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடு என்றால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. போன தடவை கருகியதால் லைனிங்கையும் ஸ்லாக் அட்ஜஸ்டரையும் (லைனிங் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்கிற கை) மலைக்குப் போவதற்கு முன் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள். சூடேறிப் பளபளத்துப்போன லைனிங் ஆறிய பிறகும் சரியாகப் பிடிக்காது.

பேடில் 6 மாறுகிறதா, வால்வு முழுதாக மூடுகிறதா, கேஜ் எவ்வளவு காட்டுகிறது, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். 40 பிஎஸ்ஐ-க்குக் கீழே இருந்தால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலிருந்து தேடத் தொடங்கலாம்.